மாவடு

எசக்கிமுத்துவின் சிறுநீரகத்துக்காக நான்கு வருடமாக உப்புக்கும் ஊறுகாய்க்கும் தடை போட்டு, மீறினால் சத்தம் போட்டவர் டாக்டர் பூங்குழலி. இன்று ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இனி வழியில்லை என்றால் வீட்டாரிடம் எப்போதும் சொல்வதையே எசக்கிமுத்துவின் மனைவியிடமும் சொன்னார்.

“ஆசைப்பட்டதெல்லாம் குடுங்கம்மா.”

“மாவடுகூடவா?” சண்முகவடிவின் முகம் மலர்ந்துபோனது. “அப்போ அவியளுக்கு நல்லாயிட்டு!”

டாக்டர் மறுபடியும் ரிப்போர்ட்டைப் புரட்டினார். கட்டிலில் கிடந்த எசக்கிமுத்து டாக்டரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“ஆமாட்டி, நல்லாயிட்டு. நாளைக்கு வரும்போது மாவடு கொண்டா.”

மகளுக்குச் சொல்ல அவள் போனோடு வெளியே ஓடினாள்.

“நாளைக்குன்னு சொல்லிட்டேன்,” என்றார் எசக்கிமுத்து மெல்ல. “இன்னைக்கேன்னு சொல்லியிருக்கணுமோ, டாக்டர்?”