மூன்று டை

மருமகன் பால், மாமியார் தங்கம்மாளுக்குத் தர வேண்டிய கடன் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கியாட்.

"மூணு டை வாங்கணும் அத்தை. ஒண்ணு குறைஞ்சாலும் வேலை ஆகாது" என்று கெஞ்சி வாங்கிய தண்டச்சோறு, இன்றுவரை எந்த ஆபீஸ் வாசலையும் மிதிக்கவில்லை.

தங்கம்மாள் தன் ஊரான லைங் தாயாவிலிருந்து பஸ் ஏறி, மகள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"வேலைவெட்டி இல்லாத கழுத்துக்கு மூணு டை கேக்குதோ? எங்கடா அது?"

"கழுத்து டைன்னா நினைச்சீங்க?"

பால் அறைக்கதவைத் திறந்தான். மேசையில் மூன்று இரும்பு அச்சுகள்.

"இந்த அச்சுக்கும் இங்கிலீஷ்ல டைதான். இது காலித் தோட்டாவை இறுக்கும். இது அதோட வாயை விரிக்கும். இது குண்டைச் செருகும்."

பக்கத்தில் பளபளவென்று புதுத் தோட்டாக்கள். ஒரு பிஸ்டல்.

"கடன் விஷயமா வந்தீங்களா அத்தை?"

"கடனா? பொண்ணையே கொடுத்தவ, பணத்தையா திருப்பிக் கேப்பேன், மாப்பிள்ளை?"