எலியும் ஜெர்மன் ஆமெனும்

இதை நான் பார்க்கவில்லை. எங்கள் சபைப் பாடகர் ஒருவர் சொல்லிக் கேட்டதுதான்.

தேவாலயத்து ஆர்கன் பெட்டிக்குள் குடியிருந்த எலிக்கு அன்று கொலைப்பசி. பாடகர்களின் காலடியில் யாரோ தவறவிட்ட கேக் துண்டு கிடந்தது.

“ஆமென் வரட்டும், சனம் கிளம்பிடும்,” என்றது எலி.

“அக்கா, இது அந்தக் காலத்து ஜெர்மன் பாட்டு. ஆமெனைப் பிடிச்சா லேசில விடமாட்டாங்க,” என்றது பல்லி.

“போடா, ஒரு தடவை சொன்னா ஆண்டவருக்குக் கேக்காதா?”

முதல் ஆமெனிலேயே எலி பாய்ந்தது. பாட்டு நிற்கவில்லை. சோப்ரானோ என்னும் பெண்களின் உச்சக் குரல் பாடும் கிரேஸ்லின் டீச்சரின் காலில் எலி போய் மோதியது. டீச்சர் வீறிட்டார். செத்தோம் என்று எலி கண்ணை மூடிக்கொண்டது. சபையோ, என்ன குரல் என்று உருகிக் கண்ணை மூடியது. எலி கேக்கோடு வீடு போய்ச் சேர்ந்தது.

பிறகு அந்த இசைத்தாளை வாங்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் சோப்ரானோவுக்குப் பாட்டே இல்லை, ஓய்வுதான்.