நீலப் பொட்டு

மருத்துவக் கல்லூரியின் மேல்மாடியில் எறும்புகளை ஆராய்கிறவளை, கீழே வார்டில் எல்லோரும் பூச்சியக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் தம்பி ஆறாத புண்ணோடு அங்கேதான் படுத்திருந்தான். மறுநாள் பாதத்தை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உன் எறும்புக்குத்தான் ஆறு காலு இருக்கே, எனக்கு ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வாக்கா," என்றான் தம்பி.

"வாயை மூடிட்டுத் தூங்குடா," என்றுவிட்டு மாடியேறினாள்.

அடையாளத்துக்காக ஒவ்வொரு எறும்பின் முதுகிலும் அவள் சாயப் பொட்டு வைத்திருந்தாள். அன்று மாலை கண்ணாடிக் கூட்டை மூடும்போது, நீலப் பொட்டு எறும்பின் கால் மூடியில் நசுங்கிவிட்டது. அடிபட்டதை ஸ்பிரிட்டில் போட்டுவிடுவதுதான் அங்கே வழக்கம். அவளுக்கு மனசு வரவில்லை. "கடவுளே, இது பிழைச்சுப் போகட்டும்," என்று தூரிகை நுனியால் தூக்கிக் கூட்டுக்குள்ளேயே விட்டாள். மற்ற எறும்புகள் சூழ்ந்துகொண்டு அதன் காயத்தை நக்கத் தொடங்கின.

காலையில் நர்ஸ் கட்டைப் பிரித்தாள். சீழ் இல்லை. புதுச் சதை இளஞ்சிவப்பாகத் துளிர்த்திருந்தது.

"யாருப்பா இவ்வளவு சுத்தமாத் துடைச்சது?"

"யாரும் வரலை சிஸ்டர். நிறையப் பேர் சுத்தி உக்காந்திருந்த மாதிரி கனவுதான். ஒரே கூச்சம், சிரிச்சுக்கிட்டே கிடந்தேன்."

டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கால் இருக்கட்டும்," என்றார்.

பூச்சியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பிக்குச் சட்டை மாற்றக் குனிந்தாள். அவன் முதுகின் நடுவே நீலப் பொட்டு ஒன்று இருந்தது. சாயம் இன்னும் காயவில்லை.