மூணுன்னா மூணு

மேஜை மேல் இருந்த கைபேசி உறுமியது. மேனேஜர் எண்ணைப் பார்த்தார், கட் செய்தார், குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"லோன் வேணுமான்னு கேக்குறவங்க. நேத்தும் இதே நம்பர். மனுஷனை வேலை செய்ய விடுறாங்களா?" என்றவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். "எங்க விட்டோம்?"

"நாலாயிரத்து முன்னூத்தித் தொண்ணூறு," என்றார் ஸ்கேன் டாக்டரம்மா. "பெண், அறுபத்திரெண்டு. ஈரல்ல சின்னதா ஒரு கட்டி. மறு ஸ்கேனுக்கு வரச் சொல்லி மூணு தடவை போன் பண்ணியாச்சு, எடுக்கல. இன்னொரு தடவை மட்டும்..."

"மூணுன்னா மூணு." கோடு விழுந்தது.

மறு ஸ்கேனுக்கு வர வேண்டியவர்களின் அந்தப் பட்டியலில் பேர் கிடையாது, எண் மட்டும்தான். அது மேனேஜர் போட்ட உத்தரவு. பேர் தெரிந்தால் மனசு இளகும், மனசு இளகினால் செலவு ஏறும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. போன வருஷம் இந்த ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்த கையோடு, நோயாளிகளுக்குக் கடிதம் அனுப்புவதையும் தண்டச் செலவு என்று நிறுத்திவிட்டார்.

"புரிஞ்சுக்குங்க டாக்டர். முன்னாடி ஸ்கேன் எடுக்க எடுக்கக் காசு. இப்ப அப்படியில்ல. நம்ம ஸ்டாஃபையும் சேர்த்து எண்பதாயிரம் பேரு, தலைக்கு இவ்வளவுன்னு இன்சூரன்ஸ்காரன் வருஷத்துக்கு ஒரே தொகை தர்றான். எடுத்தாலும் அதேதான், எடுக்காட்டியும் அதேதான். அப்புறம் எதுக்கு வராதவனை வம்படியா இழுத்துட்டு வரணும்?"

"இப்ப கண்டுபிடிச்சா சின்ன ஆபரேஷனோட போயிடும் சார். முத்திப்போய் வந்தா மொத்த செலவும் நம்ம தலையிலதான்."

"அது அஞ்சு வருஷம் கழிச்சு. அப்ப இந்த நாற்காலியில வேற எவனாவது உக்காந்திருப்பான். அவன் தலையெழுத்து."

டாக்டரம்மா பட்டியலில் அடுத்த வரிக்குப் போனார்.

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. ஆண், அம்பத்தொண்ணு. வேலைக்குச் சேரும்போது எடுத்த எக்ஸ்ரேல, நுரையீரல்ல ஒரு புள்ளி. பதினாலு மாசம் ஆச்சு. லெட்டரை நிறுத்திட்டதால இவருக்கு விஷயமே தெரியாது சார். படத்தைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு நிம்மதியே இல்ல. இவரை மட்டும் அடிச்சுடாதீங்க."

"எத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"ரெண்டு. ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டாரு."

"தன் உசுரு மேல அவனுக்கே அக்கறை இல்ல, உங்களுக்கு என்ன வந்துச்சு? சரி, மூணாவதையும் போடச் சொல்லுங்க. ரூல்னா ரூல்."

டாக்டரம்மா பலகைத் தடுப்பைத் தட்டி எண்ணைச் சொன்னார். அந்தப் பக்கம், நோயாளிகளைக் கூப்பிடவென்றே வைத்திருந்த தனி போனோடு டெலிபோன் அக்கா உட்கார்ந்திருந்தாள். "ரிங் போகுது டாக்டர்!" என்று அவள் குரல் வந்தது.

டாக்டரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மேஜையில் கைபேசி மறுபடி உறுமியது. "சனியன்," என்று முனகிக்கொண்டே மேனேஜர் கட் செய்தார்.

"கட் பண்ணிட்டாரு டாக்டர்! மூணு ஆச்சு!"

மேனேஜர் 'நான் சொன்னேன்ல' என்பதுபோல் தலையை ஆட்டினார். பேனா முனை பதினேழின் மேல் தொட்டது. அங்கேயே நின்றது.

அவர் கைபேசியைப் பார்த்தார். தடுப்பைப் பார்த்தார். பிறகு அந்த வரியை விரல் வைத்து முதலிலிருந்து படித்தார், வேலைக்குச் சேரும்போது எடுத்த எக்ஸ்ரே என்ற இடத்தில் விரல் நகரவில்லை.

"டாக்டர்... இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."