ஐம்பதுக்குக் கீழே

“இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சும் இதே வேலையைப் பார்க்க முடியுமாக்கா? கட்டாயம் முடியும்னா பூஜ்யம், முடியவே முடியாதுன்னா பத்து.”

“ரெண்டு வருஷமா? இந்தத் தோளை வச்சுக்கிட்டு வர்ற வெள்ளிக்கிழமையே சந்தேகம்” என்றாள் இஸ்திரிக்காரி. அந்தச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்ப்பவள். தலை வாரக்கூட வலக்கை மேலே எழும்பாது.

பிசியோதெரபிஸ்ட் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “பூஜ்யம்னு சொல்லுங்க.”

“பொய்யாச்சேம்மா?”

“எல்லாக் கேள்விக்கும் சேர்த்து மொத்தம் ஐம்பதைத் தாண்டினா, சீக்கிரமே வேலை செய்ய முடியாமப் போயிடுவீங்கன்னு அர்த்தம். போன வருஷம் பதினோரு பேர் தாண்டினாங்க. அவங்க கதி தெரியும்ல?”

தெரியாமலென்ன. மறுவாரமே பழைய மேலாளர் பதினோரு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்த பாவி இந்த பிசியோதெரபிஸ்ட்தான். அன்றிலிருந்து குற்ற உணர்ச்சி அவளைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

புது மேலாளரும் லேசுப்பட்டவராகத் தெரியவில்லை. ஐம்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, “தாண்டினவங்க பட்டியல் மத்தியானத்துக்குள்ள வேணும். போன வருஷம் போனவங்க விலாசமும் வேணும்” என்று கேட்டிருந்தார். போனவர்களைக்கூட விடமாட்டார் போலிருக்கிறது.

ஆகவே காலையிலிருந்து இருபத்திரண்டு பேருக்கும் இவளே பதில் சொல்லிக் கொடுத்திருந்தாள். தூக்கம் வருதா? கும்பகர்ணன் தோத்தான். குனிய முடியுதா? வில்லா வளையுறேன். கடைசியாக வந்த இஸ்திரிக்காரிக்கு மட்டும் மனசு கேட்காமல் இன்னும் தாராளமாகக் குறைத்து மொத்தமே பன்னிரண்டு போட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சில் பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

மேலாளர் தாள்களை இரண்டு முறை புரட்டினார். “ஒருத்தர்கூடவா தாண்டல?”

“இல்ல மேடம். எல்லாரும் நல்லா இருக்காங்க. கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“தாண்டினவங்களுக்கு வைத்தியம், உட்கார்ந்து துணி மடிக்கிற வேலை. அந்தப் பதினோரு பேரையும் திரும்பக் கூப்பிடணும்னுகூட இருந்தேன். தலைமை ஆபீஸ்ல மூணு மாசம் சண்டை போட்டு வாங்கினது” என்றார் மேலாளர், கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே. “முன்னாடியே சொன்னா ஆளாளுக்கு வலி வலின்னு சொல்லிடுவாங்களேன்னுதான் உங்ககிட்டகூட மூச்சு விடல. இங்க யாருக்கும் தேவையில்ல, அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கங்கன்னு தலைமை ஆபீசுக்கு இப்பவே அனுப்பிட்டேன். எனக்கும் சந்தோஷம்தான்.”

பிசியோதெரபிஸ்ட் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மேலாளர் வாசலில் நின்ற இஸ்திரிக்காரியைப் பார்த்துப் பூரிப்போடு சிரித்தார்.

“அக்கா, உங்களுக்குத்தான் எல்லாரையும்விடக் கம்மி. நாளையிலருந்து ரெண்டாவது இஸ்திரி மெஷினையும் நீங்களே பாத்துக்கங்க!”