குளியலறை எறும்புகள்

சீனி டப்பாவை வீட்டைவிட்டு விரட்டி மாதக்கணக்காகிறது. அடுக்களையில் ஓர் எறும்பு இல்லை. குளியலறைக்கு மட்டும் எங்கிருந்து வருகின்றன? ராஜசேகரன் மருந்துக்கோடு கிழித்துப் பார்த்தார். மறுநாளும் கழிவறைத் தொட்டியின் ஓரத்தில் கறுப்பாய் மொய்த்தன.

"உள்ள என்னத்தடி ஒளிச்சு வச்சிருக்க? பாசார் மாலாம் ராச்சந்தையில வாங்கின கூவே பலகாரமா?" என்று மனைவியிடம் பாய்ந்தார்.

"எறும்புகிட்டயே கேளுங்க லா." யோகேஸ்வரி ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

சர்க்கரை நோய்க்கு அவள் இன்சுலின் ஊசி தொடங்கியதிலிருந்தே ராஜசேகரனுக்குச் சந்தேகம்தான். சோற்றை அவரே அளந்து போட்டார், தேநீரைச் சீனியில்லாமல் கலக்கினார். அப்படியும் எடைக்கருவியின் முள் ஏறியது. திருட்டுத்தீனி என்று முடிவு கட்டினார்.

முள் ஏறியதற்குக் காரணம் எளியது. கூலாய் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அதை யோகேஸ்வரிக்குப் பொறுமையாக விளக்கினார். இரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால் உடம்பு அதைச் சிறுநீரில் கொட்டிவிடும், சாப்பிட்டது ஒட்டாது. ஊசி போட்டதும் அந்தச் சர்க்கரை உடம்பிலேயே தங்குவதால், முதலில் கொஞ்சம் சதை போட்டு, பிறகு நிற்கும். அந்த நேரத்தில் ராஜசேகரன் வெளியே கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"சீனி வியாதியில என் அண்ணன் கால வெட்டினத பாத்தல்ல? உன்னையும் அப்படிப் பாக்கணுமா? இன்னும் ஏறிச்சு, சோத்தையே நிறுத்திருவேன்!" ஞாயிறுதோறும் எடை பார்த்துவிட்டு இதே பாட்டுத்தான்.

பிறகு முள் இறங்கத் தொடங்கியது. கன்னம் ஒட்டி, ரவிக்கை தொளதொளத்தது.

"எல்லாம் என் கண்ட்ரோல்!" என்று பக்கத்து வீட்டு மலரிடம் பெருமையடித்தார். யோகேஸ்வரி சிரித்து வைத்தாள். அவள் குதிகாலில் செருப்பு கடித்த புண் மட்டும் ஆறாமலே கிடந்தது.

இளைத்தது சரி, எறும்பு எதற்கு வருகிறது? வயிறு தெரிய ஊசி போடக் கூச்சம் என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளே, அங்கேதான் ஏதோ இருக்கிறது. அவள் கொல்லையில் துணி காயப்போட்ட நேரம் உள்ளே நுழைந்தார். சவர்க்காரத்தூள் வாளிக்குப் பின்னால் முடிச்சுப் போட்ட ஒரு பை இருந்தது.

"அலமாக்! கெடச்சிருச்சு!"

அவிழ்த்தார். கூவே இல்லை, இன்சுலின் பேனாக்கள். எதிலும் ஒரு சொட்டு மருந்துகூடக் குறையவில்லை.

ஈரக்கையோடு யோகேஸ்வரி வாசலில் நின்றாள்.

"அப்ப... இந்த எறும்பு?"

"வீட்டுல சீனி இல்லன்னு யாருங்க சொன்னா? எல்லாம் என் மூத்திரத்துல போகுது."

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

அவள் புண்பட்ட காலை மெல்ல மாற்றி ஊன்றிக்கொண்டாள்.

"ஊசிய நிறுத்தினாத்தாங்க எடை இறங்குது."