அப்பா பார்க்க வேண்டிய இடங்கள்

திருக்கோகர்ணத்து வீட்டில் அன்று காலை மூன்று பேர் இருந்தார்கள். சாய்வு நாற்காலியில் சூசைராஜ், எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மருமகன் பெலிக்ஸ், தரையில் பேனாவும் தாளுமாக மகள் ஞானமணி.

அடுத்த மாதத்துக்குள் சூசைராஜின் பார்வை முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் ஒருநாள் காரில் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டிவிட வேண்டும். எங்கெங்கே என்று ஞானமணி தன் தங்கைக்கு எழுத வேண்டும். அவள் இருக்கும் கன்னியர் மடத்தில் போன் கிடையாது.

“மியூசியம் போவோம். திருமயம் கோட்டையக் கீழ இருந்தே பாத்துக்கலாம். சித்தன்னவாசல் மட்டும் வேணாம் மாமா, படி ஏற ஒங்க முட்டி தாங்காது” என்றான் பெலிக்ஸ்.

“அங்க கூரையில தாமரைக் கொளம் வரைஞ்சிருக்காமே. இத்தன வருசமா பக்கத்துலயே கெடந்தும் பாக்கல. சரி, அடிச்சிரு ஆத்தா.”

ஞானமணி தாளில் எழுதியிருந்த அந்தப் பெயரை அடித்தாள்.

சூசைராஜ் அண்ணாந்து பார்த்தார். கையை மேலே நீட்டி எதையோ மெல்ல விலக்கினார்.

“அங்கிட்டு மீனு ஓடுது மாப்ள.”

“அது ஃபேன் மாமா. கைய விட்டுராதீங்க” என்று பெலிக்ஸ் சிரித்தான்.

கை இறங்கியது. முழங்கை வரை ஈரம் சொட்டியது. விரல்களுக்கிடையே தண்டோடு ஒரு தாமரை இருந்தது. அறை முழுக்கக் குளத்துச் சேற்றின் வாசனை பரவியது. பெலிக்ஸ் சத்தமில்லாமல் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

“நீங்க ரெண்டு பேரும் போறதுன்னா போயிட்டு வாங்க. எனக்கு இங்கயே நெறைய இருக்கு” என்றார் சூசைராஜ்.

ஞானமணி மற்ற இரண்டு இடங்களையும் அடித்தாள். ‘அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று மட்டும் எழுதி, மடித்து, உறையிலிட்டு ஒட்டினாள். பெலிக்ஸ் அதை எடுத்துப்போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்வரை சூசைராஜ் அண்ணாந்து பார்த்தபடி இமைக்கவே இல்லை.